வெறுந்தரை என்று எழுதியவன் நான்தான்

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஜேர்மன்காரனின் காணிக்குள் இறங்கி, நாலு முட்டைக்குக் காவலாக இரண்டு மூங்கில் தடி குத்தினேன். அதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே காலையில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், என் தாயின் பெயரைச் சொல்லி, இன்னொரு கூட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். அதற்கு நான் காசு அனுப்பியிருந்தேன். ஆறுதலாக உட்கார்ந்து எழுதலாமென்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே வாசியுங்கள்.

நான் இருப்பது ஜேர்மனியின் வடமுனையில், டென்மார்க் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன நகரம். முப்பத்துமூன்று வருடம் ஆகிவிட்டது. நகரசபையின் தோட்டப் பிரிவில் வேலை. வேலி கத்தரிப்பது, வாய்க்கால் கரை வெட்டுவது, பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடுவது. வசந்தம் பிறந்தால் இன்னொரு வேலையும் சேரும். சோளம் விதைப்பதற்கு விட்டிருக்கும் வெறுங்காணிகளில் கீபிட்ஸ் என்றொரு பறவை முட்டையிடும். எங்கள் ஆட்காட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அந்தரம், ஆளைக் கண்டால் தலைக்கு மேலே வந்து அதே கத்தல். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை, மண்ணில் ஒரு கைப்பள்ளம். உழவு இயந்திரக்காரனின் கண்ணுக்கு அது படாது. நானும் என் கூட்டாளி ஊவேயும் போய்த் தேடிப்பிடித்து, கூட்டுக்கு முன்னே கொஞ்சம் தள்ளி ஒரு தடி, பின்னே கொஞ்சம் தள்ளி ஒரு தடி குத்திவிட்டு வருவோம். இயந்திரம் வந்து அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். பிறகு படிவம் நிரப்ப வேண்டும். முட்டை எத்தனை, காணியின் இலக்கம் என்ன, தடி என்ன நீளம். தடியின் நீளத்துக்கும் ஒரு பெட்டி போட்டு வைத்திருக்கிற நாடு இது.

நான் அந்தப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் படம் வந்தது. அனுப்பியவள் என் மகள் ஆரணி. இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர்ச்சங்கத்தின் மரநடுகைக்காக ஊருக்குப் போயிருந்தாள். படத்தில் அவள் மண்வெட்டியோடு நிற்கிறாள், முன்னால் ஒரு வேப்பங்கன்று, கன்றுக்குக் கீழே கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தாக என் அம்மாவின் பெயர், பிறந்த திகதி, மறைந்த திகதி, அதற்குக் கீழே ‘அன்பு மகன், ஜேர்மனி’. அம்மாவின் ஆண்டுத்திவசம் அன்றுதான். ‘அப்பம்மா மரம் நிக்கிறா’ என்று எழுதியிருந்தாள். அவளுடைய எழுத்துத் தமிழ் அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அதே இடத்தில் எடுத்த ஒரு சின்ன வீடியோவும் வந்தது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஐயர் தண்ணீர் தெளிக்கிறார். அந்தச் சத்தத்துக்கு மேலால் ஒரு ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்துகிறது. ஒருமுறை இருமுறை அல்ல, வீடியோ முடியும்வரை கத்துகிறது. ஒரு இடத்தில் கமராவுக்குக் குறுக்காலேயே பதிந்து பறக்கிறது.

என் தலைக்கு மேலே கீபிட்ஸ் கத்துகிறது. கைக்குள் ஆட்காட்டி கத்துகிறது. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான், இஞ்சை என்ரை முட்டை கிடக்கு. பதினாலு வருடமாக இந்த வேலை செய்கிற எனக்கு அது தெரியாதா? நான் அப்படியே காணிக்குள் குந்திவிட்டேன். ஊவே ஓடிவந்து, நெஞ்சுவலியா என்று கேட்டான்.

2

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு இந்த வருடம் இருபத்தைந்தாவது ஆண்டு. தலைவர் குணம் அண்ணை. நான் செயலாளர். போன வருட ஒன்றுகூடலில், ஊருக்கு ஏதாவது பெரிதாகச் செய்யவேண்டும் என்று கதை வந்தது. கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் என்றார் ஒருவர். வரவேற்பு வளைவு என்றார் இன்னொருவர். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, மரம் நடுவோம் என்றேன். இங்கே சோளக்காணிகளுக்கு நடுவே நாங்கள் நட்ட வேலிகளைப் பற்றிச் சொன்னேன். மரம் வைத்த மூன்றாம் வருடம் பறவைகள் திரும்பி வந்ததைச் சொன்னேன். ‘எங்கடை ஊருக்கும் பறவைகள் வரும்’ என்று முடித்தேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கே நடுவது? ஆருடைய காணியிலும் நட முடியாது. அவரவர் காணிக்கு அவரவர் மதில். ஊர் எல்லையில், வயல் முடிந்து கடல்நீரேரி தொடங்குவதற்கு முன்னால், பரந்து கிடக்கிற தரவை இருக்கிறதே! புல்லும் உப்புமண்ணுமாக, ஒரு மரமும் இல்லாமல், கண்ணுக்கெட்டிய தூரம் வெளியாகக் கிடக்கிற நிலம். அங்கே நடலாம் என்று ஒரே குரலில் முடிவாயிற்று. அனுமதிக் கடிதம் எழுத வேண்டியவன் செயலாளர். என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து, என் கையால் தட்டினேன். ‘எவ்விதப் பயன்பாடுமின்றிக் கிடக்கும் வெறுந்தரை.’ அந்த வசனம் என்னுடையது. வேறொருவரின் தலையிலும் கட்ட முடியாது.

இனி மாதத்தைக் கேளுங்கள். சித்திரை! யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் சித்திரை வெயிலில் மரம் நடுவானா? கார்த்திகையில் மழையோடு நட்டால் மரம் தன்பாட்டில் வேர்விடும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கார்த்திகையில் இங்கே பிள்ளைகளுக்கு விடுமுறை இல்லை. ஈஸ்டருக்குத்தான் விடுமுறை. ஆகவே மழை எங்கள் வசதிக்கு வராதபடியால் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதாகத் தீர்மானித்தோம். நிறைவேற்றுக் குழுவில் பதினொரு பேர். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காலஞ்சென்றவரின் பெயர் என்பது குணம் அண்ணையின் யோசனை. நூறு மரம், நூறு கறுப்புக் கல். மயானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

3

தரவையை வெறுந்தரை என்று எழுதினேனே, அங்கே என்ன இருக்கிறது?

ஆட்காட்டி இருக்கிறது. அதற்குச் சுற்றிவர வெளி வேண்டும். நரியோ நாயோ காகமோ எந்தப் பக்கத்தால் வந்தாலும் தூரத்திலேயே கண்டு, கத்தி, ஏமாற்றி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் மரம் நின்றால் காகம் கொப்பில் இருந்து சாவகாசமாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்து முட்டையைக் குடிக்கும். கவுதாரி இருக்கிறது. மாரியில் வடக்கேயிருந்து வருகிற சின்னக் கரைப்பறவைகள் ஈரத்தரையைக் கொத்திக்கொண்டு திரியும். அவைகளுக்கும் மரம் வேண்டாம், வெளிதான் வேண்டும்.

அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. அவர் பறவை ஆராய்ச்சி செய்தவர் அல்ல. தரவையில் மாட்டைக் கட்டிவிட்டு வருகிற மனிசி. ஆட்காட்டி கத்தினால், ‘உதுக்குள்ளை முட்டை கிடக்குப்போலை’ என்று சொல்லிக்கொண்டு கட்டையைப் பிடுங்கி நாற்பது பாகம் தள்ளி அடிப்பார். அவ்வளவுதான். எனக்கு அப்போது அது ஒரு விசயமாகவே தெரியவில்லை, மாட்டைத் திரும்ப அவிழ்க்க வேண்டிய அலுப்புத்தான் தெரிந்தது. அந்த மனிசியின் பெயரைத்தான் கல்லில் வெட்டி ஆட்காட்டியின் தலைமாட்டில் நட்டிருக்கிறோம்.

அங்காலே தரவை அப்படி என்றால், இங்காலே ஊருக்குள் கதை நேர் எதிர். எங்கள் தோட்டங்கள் சின்னத் துண்டுகள், இரண்டு பரப்பு, மூன்று பரப்பு. ஒன்றில் வெங்காயம், மற்றதில் புகையிலை, அதற்கடுத்ததில் வாழை, மூலையில் மரவள்ளி. ஒவ்வொன்றுக்கும் நடுவே உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கை, அடியில் ஆடாதோடை. வருடத்துக்கு ஒருமுறை வேலியை வெட்டினால் குழை ஆட்டுக்கும் போகும், தோட்டத்துக்குப் பசளையாகவும் தாழும். செம்பகம் வேலிக்குள்ளே கூடு வைக்கும். புலுனிக் கூட்டம் வேலி நெடுகக் கத்திக்கொண்டு புழு பொறுக்கும். அங்கே வேலி இருந்தால்தான் குருவி. தரவையில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் குருவி. வயலில் தண்ணீர் நின்றால்தான் கொக்கு. எல்லாம் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதால்தான் எல்லாக் குருவியும் அந்த ஊரில் இருக்கிறது.

நாங்கள் என்ன செய்தோம்? வேலி வேண்டிய இடத்தில் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினோம். வெளி வேண்டிய இடத்தில் மரம் நட்டோம். இதைவிடத் தலைகீழாகச் செய்ய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மதில் கட்டினோம் என்று பன்மையில் எழுதித் தப்பப் பார்க்கிறேன். கட்டியவர்களில் நானும் ஒருவன். அம்மா இருந்த வீட்டில் இப்போது என் தங்கை மலர் இருக்கிறாள். அந்தக் காணிக்கு மூன்று பக்கமும் மதில் கட்டுவித்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால், இங்கேயிருந்து கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து, ‘இன்னும் ஒரு வரி உயத்தச் சொல்லு’ என்று மேசனுக்குச் சொன்னவன் நான். மேற்குப் பக்கம் மட்டும் வேலி மிச்சம். அதற்கும் கல் போய் இறங்கிவிட்டது. மேசன் நூலும் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

4

காணிக்குள் குந்தியிருந்த என்னை ஊவே வாகனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி ஊற்றித் தந்தான். வீடியோவைக் காட்டினேன். அவனுக்கு ஆட்காட்டியைத் தெரியாது, ஆனால் கத்தலைக் கேட்டவுடனேயே முகம் மாறிவிட்டது. ‘கூடு இருக்கிறது, ஏன் நிற்கிறார்கள், விலகச் சொல்லு’ என்றான். நாங்கள்தான் மரம் நடுகிறோம், பறவைக்காக நடுகிறோம் என்றேன்.

அவன் தன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். ‘போன குளிர்காலம் நாங்கள் இரண்டு பேரும் மேற்குக் கரையில் என்ன செய்தோம்?’

மேற்குக் கரையில் நாங்கள் மரம் வெட்டினோம். கடலோரச் சதுப்புப் புல்வெளியில் தானாக முளைத்த மரங்களை ஒன்றுவிடாமல் இயந்திர வாளால் அறுத்து விழுத்தினோம், கீபிட்ஸ் முட்டையிடுவதற்காக. அதே குளிர்காலத்தில் கிழக்குப் பக்கத்து மேட்டுக்காணிகளில், எல்லை தெரியாமல் விரிந்த சோளக்காணிகளுக்கு நடுவே, மரவேலி நட்டோம், வேறு குருவிகளுக்காக. ஒரே அலுவலகம், ஒரே வாகனம், ஒரே இரண்டு பேர். ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதைதான், திங்கட்கிழமை நடு, வியாழக்கிழமை வெட்டு. வேலைநேரம் எழுதுகிற தாளில் இரண்டும் என் கையெழுத்தில் இருக்கிறது. சங்கத்து மேடையில் ஏறியபோது கிழக்குப் பக்கத்தை மட்டும் சொன்னேன். மரம் நட்ட கதைக்குக் கைதட்டு விழும், மரம் வெட்டிய கதைக்கு ஆர் தட்டுவான்?

இந்த நாட்டில் மார்ச் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை வேலியை வெட்டினால் தண்டம். அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அயல்வீட்டுக்காரன் கத்தரிக்கோலை எடுத்தால் போய்ச் சட்டம் சொல்வேன். அப்படிப்பட்ட ஒருவன் தன் ஊரில் வேலியை அடியோடு கிண்டச் சொல்லிக் காசு அனுப்புவானா? அனுப்பினேனே! இந்த நாட்டுக்கு ஒரு மூளை, ஊருக்கு ஒரு மூளை. இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு முப்பத்துமூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன்.

5

அன்று மத்தியானமே குணம் அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன். அவர் ஊரில் நின்றார். நாற்பது மரம்தான் நட்டிருந்தார்கள், மிச்ச அறுபது குழியும் வெள்ளிக்கிழமை பெக்கோ இயந்திரம் வந்து வெட்டும் என்று எனக்குத் தெரியும்.

‘தம்பி, பாத்தனியே? எப்பிடி வடிவு! அம்மான்ரை கல்லு முன்வரியிலை வைப்பிச்சனான்.’

‘அண்ணை, அந்த இடத்திலை ஆட்காட்டி முட்டை போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை பெக்கோவை விடாதேங்கோ.’

‘என்ன போட்டிருக்கு?’

‘ஆட்காட்டி. முட்டை.’

அவர் சிரித்தார். ‘உதுக்கே எடுத்தனி? காலமை முழுக்க உந்தக் கோதாரிக் குருவி கத்தி, ஐயற்றை மந்திரமே ஒருத்தருக்கும் கேக்கேல்லை. கல்லெறிஞ்சு கலைச்சவங்கள்.’

‘நிக்கிற குருவியைக் கல்லெறிஞ்சு கலைச்சுப்போட்டு, எந்தக் குருவிக்கு மரம் நடுறியள்?’

‘டேய், அதை நீயெல்லோ சொல்லோணும்! மேடையிலை ஏறி நிண்டு பறவை வரும் பறவை வரும் எண்டு கத்தினது ஆர்? வெறுந்தரை எண்டு கடிதம் அடிச்சது ஆர்? நானே?’

‘நான்தான். அது பிழை. திருப்பி எடுக்கிறன்.’

‘எடு. எடுத்துப் பார். நூறு வீட்டுக்காரர் காசு தந்திருக்கினம், செத்த தாய்தேப்பனுக்கு மரம் வைக்கவெண்டு. போய் அவையளுக்குச் சொல்லு, குருவி முட்டை போட்டிட்டுதாம், கொஞ்சம் பொறுங்கோ எண்டு. உனக்கு விசரே?’

வைத்துவிட்டார். மற்றநாள் விடிய, இங்கே ஆறு மணி, அங்கே ஒன்பதரை, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அடித்தேன். எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது.

‘ஐயா, அனுமதி கேட்ட கடிதத்துக்கு ஃபைல் இருக்கு. அனுமதி வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு எங்களிட்டை ஃபைல் இல்லை. நீங்கள் நேரை வந்து எழுதித் தாங்கோ.’

‘பிள்ளை, நான் ஜேர்மனியிலை நிக்கிறன். வெள்ளிக்கிழமைக்குள்ளை என்னண்டு வாறது?’

‘அப்ப அடுத்த கூட்டத்துக்கு வைப்பம் ஐயா. அடுத்த மாசம்.’

தடியின் நீளத்தை எழுதச் சொல்கிற நாட்டைப் பற்றி இத்தனை வருடம் நக்கலடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டி என்று தெரிந்தது. அந்தப் பெட்டியைப் போட்டவனுக்கு முட்டை ஒரு விசயம்.

6

கடைசியாக மலருக்கு அடித்தேன். முதலில் அவளுக்குத்தான் அடித்திருக்க வேண்டும். பயத்தில் அடிக்கவில்லை.

‘மலர், ஒரு உதவி செய். தரவைக்குப் போய் அம்மான்ரை மரத்தைப் பிடுங்கிவிடு. கல்லையும் எடு. நாங்கள் எடுத்தமெண்டால், மற்ற ஆக்களும் யோசிப்பினம்.’

அவள் வெடித்தாள்.

‘திவசத்துக்கு வைச்ச மரத்தை மற்றநாளே பிடுங்கச் சொல்லுறாய். நீ மனிசனே அண்ணை? ஊர்ச்சனம் என்ரை மூஞ்சையிலை காறித் துப்பாதே?’

‘அங்கை ஆட்காட்டி…’

‘ஆட்காட்டி! இப்பதான் உனக்கு ஆட்காட்டி தெரிஞ்சதே? மூண்டு பக்கமும் வேலியைக் கிண்டி மதில் எழுப்பேக்கை நான் என்ன சொன்னனான்? புலுனி வாறேல்லை அண்ணை, பயித்தங்கொடி முழுக்கப் புழு, மருந்தடிச்சு மருந்தடிச்சு எனக்குக் கையெல்லாம் எரியுதெண்டு சொன்னனானோ இல்லையோ? ஆட்டுக்குக் குழை இல்லை, ரோட்டு ரோட்டாத் திரியிறன் எண்டு சொன்னனானோ இல்லையோ? நீ என்ன சொன்னனி? மதில்தான் பாதுகாப்பு, மதில்தான் வடிவு எண்டனி. செம்பகம் கூடு வைச்ச பூவரசை வேரோடை இழுத்து விழுத்தினாங்கள், நான் பாத்துக்கொண்டு நிண்டனான். உன்ரை காசு எண்ட படியால் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். இப்ப அங்கை இருந்துகொண்டு குருவிக்கு அழுறியே?’

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. இரண்டு வருடமாக அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான் அதைச் சின்ன முறைப்பாடாக எடுத்து, சரி சரி, பிறகு கதைப்பம் என்று வைத்திருக்கிறேன்.

கைபேசி கை மாறியது. ஆரணி.

‘அப்பா, மாமி அழுறா. ஏன் நீங்கள் அந்த மரத்தை எடுக்கச் சொல்லுறீங்கள்? நான்தான் அதை வைச்சன். எனக்குக் கையெல்லாம் கொப்புளம்.’

இந்தப் பிள்ளை ஏழு வயதுக்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்பேன். ‘அங்கை எனக்கு என்ன இருக்கு?’ என்பாள். தமிழ்ப் பள்ளியை விட்டாள், நடனத்தை விட்டாள், வீட்டில் தாயோடும் ஜேர்மன் மொழியில்தான் கதை. இந்த முறை தானாகவே போகிறேன் என்றாள். போய், அந்த மண்ணில் தன் கையால் செய்த முதல் காரியம் இந்த மரம். அதைப் பிடுங்கு என்று சொல்கிறேன்.

ஆனாலும் சொன்னேன். ‘அம்மாச்சி, நீ அனுப்பின வீடியோவைச் சத்தத்தோடை இன்னொருக்காப் பார். சின்னனிலை நீ என்னோடை காணிக்கு வருவாயே, தடி பிடிக்க. அந்தக் கத்தல்தான்.’

வைத்துவிட்டாள்.

7

வியாழக்கிழமை ஒருத்தரும் எடுக்கவில்லை. ஏழு முறை அடித்தேன். அன்று ஊவேயும் நானும் மூன்று கூட்டுக்குத் தடி குத்தினோம், ஒன்றிலும் எனக்கு மனம் இல்லை. வேலை முடிந்து வந்து சங்கத்துக்கு என் பதவி விலகலை எழுதி அனுப்பினேன். ஆரும் மறுமொழி போடவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒருவர், ‘சிலருக்கு ஊர் முன்னேறுவது பிடிக்காது’ என்று பெயர் சொல்லாமல் எழுதியிருந்தார். நாற்பது பேர் அதற்குக் கைகூப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தபோது ஆரணியின் படங்கள் வந்தன.

முதல் படத்தில் தரவை. வெயில் கண்ணைக் குத்துகிறது. நடுவே இரண்டு பூவரசந்தடி, நுனியில் சிவப்புச் சீலைத்துண்டு. ஒன்று முன்னே, ஒன்று பின்னே, சரியான தூரம். நான் சொல்லிக்கொடுத்த தூரம். கிட்டப்போய் எடுக்கவில்லை, கூட்டைக் காட்டவும் இல்லை. எட்டு வயதில் நான் சொன்னது மறக்கவில்லை, முட்டைக்குக் கிட்ட நின்று படம் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, பெக்கோ அந்தத் தடிகளைச் சுற்றிப் போன தடம். ஓட்டி வந்த பொடியன் மறுபேச்சுப் பேசவில்லையாம். ‘ஆட்காட்டி எண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆரும் நிப்பாட்டச் சொன்னால்தானே நிப்பாட்டலாம்’ என்றானாம். மிச்சக் குழிகளை வெட்டிவிட்டுத்தான் போனான். அறுபதில் ஐம்பத்தாறு வெட்டியாயிற்று. மிச்சக் கல்லெல்லாம் நிற்கப்போகின்றன. இந்த வருடம் அந்த ஒரு கூடு தப்பலாம். மரம் வளர்ந்து காகம் வந்து குந்தினால் அடுத்தடுத்த வருடம் தப்பாது. வளராமல் வெயிலில் பட்டுப்போனால், அத்தனை வீட்டுக்காரரும் தாய்தகப்பனின் பெயரைப் பட்ட தடிக்குக் கீழே வாசிக்க வேண்டும். நான் எழுதிய வசனத்துக்கு இது கூலி.

மூன்றாவது படத்தில் எங்கள் வீட்டு மேற்கு வேலி. கிளுவைகளுக்கு நடுவில் ஒரு பொட்டு, வேலி இல்லாத இடைவெளி, இருந்தது, அத்திவாரத்துக்காக மேசன் முதலில் தறித்த இடம். அந்தப் பொட்டுக்குள், மேசன் கட்டிவிட்டுப் போன நூலுக்கு நேர் கீழே, அம்மாவின் வேப்பங்கன்று. கறுப்புக் கல் இல்லை. ஆடு கடிக்காமல் இருக்க, கன்றைச் சுற்றி மதிலுக்கு இறக்கிய சீமெந்துக் கல்லுகளை வட்டமாக அடுக்கியிருந்தாள் மலர். ஒரு வாளித் தண்ணீர் அப்போதுதான் ஊற்றி, மண் கறுத்துக் கிடந்தது. ஆரணி மண்ணோடு குந்தியிருந்தாள்.

படத்துக்குப் பின்னால் மலரின் குரல்பதிவு ஒன்று. கோபம் போகவில்லை.

‘அண்ணை, உன்ரை மகள்தான் விடிய எழும்பி என்னைக் கூட்டிக்கொண்டு போனவள். கிண்டி எடுக்கேக்கை ரெண்டு பேரும் அழுதனாங்கள். எனக்குச் சனத்தின்ரை முகத்திலை முழிக்க ஏலாமல் கிடக்கு, அது வேறை கதை. நான் சொல்ல வந்தது உன்ரை மதிலைப் பற்றி. மரம் நிக்கிற இடத்தைப் பாத்தனிதானே? இனி நீ மதில் கட்டுறதெண்டால், அம்மாவை வெட்டிப்போட்டுத்தான் கட்டோணும். வா. வந்து வெட்டு.’